காற்று அடித்த வருஷம்

1

வயது என்ன என்று கேட்டேன். "காத்து அடிச்ச வருஷம் மூத்தவன் என் வயித்துல" என்றாள் கிழவி.

1982-ல் நடந்தது இது. கரியாலூரில் நான் வாத்தியாராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு மேலே ஏறிவிட்டால் வாத்தியார் வேலை என்பது பாதிக்கு மேல் எழுதும் வேலைதான். மனு எழுத வேண்டும், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும், கேட்ட பட்டியலைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். அன்றைக்குக் குடும்ப அட்டைக்கான படிவங்களோடு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பெயர், தகப்பனார் பெயர், வயது. வயதுக்கு நேராக இரண்டு இலக்கம் கொள்கிற அளவுக்கு ஒரு சின்னக் கட்டம்.

"எந்தக் காத்து, ஆயா?"

"எந்தக் காத்தா? மோட்டைத் தூக்கிக்கிட்டுப் போச்சே, அந்தக் காத்து. மத்ததெல்லாம் மழையோட வந்த காத்து, வாத்தியாரே. இது காத்தோட வந்த மழை."

பிறகு அவளே சொல்லிக்கொண்டு போனாள். மாடுகள் பகலிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் கூரைப்புல் ஒவ்வொரு கற்றையாகப் போயிற்று, பிறகு கழிகள். குதிரில் இருந்த சாமை நனைந்து, நாலாம் நாள் முளை விட்டிருந்தது. களத்து ஓரத்துப் புளியமரம் வேரைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. எல்லாம் சரிதான், எனக்கு வேண்டியது ஓர் எண். மூத்தவனுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டால் கணக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டேன். "அவன் இல்லியே" என்றாள்.

எனக்குப் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்து 52 என்று எழுதினேன். அதே நாளில் நான் எழுதிய மற்ற கிழவிகளுக்கு 50, 55, 60. அவளுக்கு மட்டும் 52 என்று எழுதியது, துல்லியமாக எழுதியதுபோல் இருக்கட்டும் என்பதற்காக. இந்தச் சின்ன அயோக்கியத்தனம் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. அந்தக் காற்று அவளுக்கு மறக்காததுபோல என்று எழுத வருகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

2

1839 ஜனவரி 6-ஆம் தேதி இரவு அயர்லாந்தில் ஒரு காற்று அடித்தது. அன்று மூன்று ராஜாக்கள் திருநாள். முந்தின நாள் பனி பெய்திருந்தது. ஆறாம் தேதி பகலில் பனிக்காலத்துக்குப் பொருந்தாத ஒரு வெதுவெதுப்பு, ஓர் இலைகூட ஆடாத அமைதி. இருட்டியபின் அட்லாண்டிக் பக்கமிருந்து காற்று கிளம்பி, நள்ளிரவு முதல் விடிகிறவரை தீவின் குறுக்கே போயிற்று. 250 முதல் 300 பேர் செத்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் கடலில் போனவர்கள் நிறைய. டப்ளின் நகரத்து வீடுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏதோவொரு வகையில் சேதப்பட்டன. நாட்டுப்புறத்தில் புல் வேய்ந்த கூரைகள் போயின. போகாத கூரைகளில் அடுப்புத் தணலைக் காற்று வாரி இறைத்தது. லாக்ரே போன்ற ஊர்களில் தெருக்கள் எரிந்தன. கடலுக்கு வெகுதூரத்தில் இருந்த வேலிச் செடிகளில் உப்புக் கரித்தது என்று சொன்னார்கள். கடைசித் தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று நம்பி முழந்தாளிட்டவர்களும் உண்டு. அந்த இரவுக்கு அவர்கள் மொழியில் 'பெருங்காற்றின் இரவு' என்று பெயர் நிலைத்தது.

இதுவரை இது சேதக் கணக்குதான். எந்தக் கடற்கரை நாட்டிலும் இப்படி ஒன்று கிடைக்கும். என்னை நிறுத்திய விஷயம் எழுபது வருஷம் கழித்து நடந்தது.

1908-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது. 1909 ஜனவரி 1 முதல், எழுபது வயது நிறைந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை. அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் பதிவு செய்வது 1864-ல்தான் தொடங்கியிருந்தது. ஆகவே எழுபது வயதுக்காரர் எவரிடமும் அரசாங்கப் பிறப்புச் சான்று கிடையாது. மாதா கோயில் புத்தகத்தில் பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பழைய மக்கள் தொகைக் கணக்குகளைத் தேடிப் பார்த்தார்கள். அதிலும் அகப்படாதவர்களை அதிகாரிகள் வேறு ஒரு கேள்வி கேட்டார்கள்: பெருங்காற்றின் இரவு நினைவிருக்கிறதா?

1909-லிருந்து எழுபதைக் கழித்தால் 1839. காற்று ஒரு பிறப்புச் சான்றாகிவிட்டது. அன்றிரவு உருளைக்கிழங்கைக் கையில் பிடித்துத் தின்னத் தெரிந்த வயது எனக்கு என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தப் பதில் ஊர் ஊராகப் பரவி ஒரு வாய்பாடு போலாயிற்று. அரசாங்கம் எதிர்பார்த்ததைவிட அதிகமான கிழவர்கள் அயர்லாந்தில் கிளம்பிவிட்டார்கள். லண்டனில் கருவூலக்காரர்கள் கலங்கினார்கள். பலர் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் இந்தப் பொய்யைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அறுபத்தைந்து வயதுக்காரன் ஒருவன் அந்த இரவைச் சாட்சிபோலச் சொல்கிறான் என்றால் எங்கிருந்து சொல்கிறான்? அந்த இரவு அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அவன் வளர்ந்த வீட்டில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அதை நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். கூரை போன திசை, பாட்டி எந்தக் குழந்தையை எந்தக் கையில் தூக்கினாள் என்பது, அடுத்த நாள் காலை வெளிச்சம், எல்லாம் அவனுக்குத் தெரியும். கேட்டதற்கும் கண்டதற்கும் நடுவே இருக்கிற கோடு அவனுக்குள் எப்போதோ அழிந்துவிட்டது. ஐந்து ஷில்லிங்குக்காக அவன் தன் வயதைப் பற்றிப் பொய் சொல்லலாம். காற்றைப் பற்றி அவன் சொன்னது பொய்யல்ல. இப்படிப்பட்ட பொய்க்கு நாம் நம் பக்கங்களில் வேறு பெயர் வைத்து, அதைக் கொண்டாடவும் செய்கிறோம்.

3

தமிழனுக்குச் சரித்திரப் பிரக்ஞை இல்லை என்று சொல்வது நம் சிறுபத்திரிகைகளில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. நானும் சொல்லியிருக்கிறேன். அயர்லாந்துக் கதையைப் படித்தபின் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஜனங்களுக்குச் சரித்திரப் பிரக்ஞை இருந்தது, கரியாலூர்க் கிழவிக்கு இல்லை என்பதல்ல வித்தியாசம். அங்கே ஒருவன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, காற்றைப் பற்றிக் கேட்டான். பதிலையும் ஏற்றுக்கொண்டான். இங்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். காற்றைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, 52 என்று எழுதினேன்.

கேள்விதான் நினைவைச் சரித்திரமாக்குகிறது. கேட்கப்படாத நினைவு வீட்டுக்குள் இருந்து, சொன்னவர்களோடு போய்விடுகிறது.

கல்வராயன் மலையில் யார் கேட்டார்கள்? இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று பிரிவு. சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்துத்தான் சர்க்கார் இந்த மலையைத் தன் நேரடி நிர்வாகத்துக்குள் எடுத்துக்கொண்டது. நான் வேலைக்கு வந்தபோது அதற்கு ஐந்து வயது. தென்னார்க்காடு ஜில்லாவின் ஓரம், கள்ளக்குறிச்சி தாலுக்கா. 1993-ல் விழுப்புரம் மாவட்டமாயிற்று, 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம். பெயர்ப்பலகைகள் மாறின. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. மலையில் அந்தச் சட்டத்துக்கு முன்னால் பிறந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பஞ்சத்திலோ, கொள்ளையிலோ, காற்றிலோ பிறந்தவர்கள்தான். வைசூரிக்கும் வாந்திபேதிக்கும் நம் கிராமங்களில் கொள்ளை என்றுதானே பெயர்.

இது மலைக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. கீழே சமவெளியிலும் என் தாத்தா காலத்தில் தாது வருஷப் பஞ்சத்தை வைத்துத்தான் குடும்பத்தின் வயதைச் சொல்வார்கள். 1876-ல் தொடங்கிய பஞ்சம் அது. நம்முடைய அறுபது வருஷச் சுற்றில் ஒரு சிக்கல் உண்டு, பெயர் திரும்பி வந்துவிடும். 1936-லும் தாது, 1996-லும் தாது. அதனால்தான் வெறுமே தாது என்று சொல்லாமல் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். நடந்த சங்கதியைச் சேர்த்தால்தான் வருஷம் எது என்று பிடிபடும். தேதி எழுதத் தெரியாதவர்களின் வழக்கம் என்று இதைத் தள்ளுவது சுலபம். தேதிக்கு ஓர் உள்ளடக்கம் வேண்டும் என்று கேட்பவர்களின் வழக்கம் என்றும் சொல்லலாம்.

4

எழுதப்பட்ட புயல்கள் எல்லாம் கடற்கரைப் புயல்கள்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்தது தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ரயில் போயிற்று, ஊர் போயிற்று, ஏறத்தாழ 1,800 பேர் போனார்கள். தூண்களும் மாதா கோயில் சுவரும் இன்னும் நிற்பதால் அந்த நினைவுக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது. 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயலின் கதை வேறு. அது உள்நாட்டுக்குள் வெகுதூரம் போனது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம். 560 பேர் செத்தார்கள், பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள், 23,000 கால்நடைகள் மாண்டன. சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தில் திவிசீமையைக் கடல் மூடியது. சாவு பதினாயிரக் கணக்கில் போயிற்று. பத்திரிகைகளின் முதல் பக்கம் வடக்கே திரும்பிற்று. இன்று 1977 புயல் என்றால் இந்தியாவில் ஆந்திரப் புயல் என்று அர்த்தம். திருச்சிப் பக்கத்தில் மாடு இழந்தவனுடைய புயலை இன்னொரு புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. நினைவுகளுக்குள்ளேயும் பெரியது சின்னதை விழுங்குகிறது.

புயலுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் நம் கடலில் 2004-ல்தான் வந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஏறிய புயலுக்குத் தானே என்று பெயர். வைத்தது மியான்மர். வேகம் 120 கிலோமீட்டருக்கு மேல். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் ஒரு காலைக்குள் படுத்தன. பாட்டன் வைத்த பலாவைப் பேரன் இழந்தான். மரம் போனால் போனது அந்த வருஷத்து மகசூல் மட்டுமல்ல, வரப்போகிற இருபது வருஷத்து மகசூலும் என்று அங்கே எனக்கு ஒரு விவசாயி சொன்னார். மேற்கே நகர நகர அது புயலாக இல்லை, தாழ்வு மண்டலம் என்றாகி, பிறகு வெறும் தாழ்வு நிலை. வானிலை அறிக்கையில் அதன் பெயர் அவிழ்ந்துவிட்டது. அறிக்கை தவறல்ல, வேகத்தைத்தான் அது அளக்கிறது. ஆனால் காற்று தன் பெயரை இழக்கிற இடத்தில்தான் எங்கள் மலை தொடங்குகிறது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் இதைத் தலைகீழாக்கிக் காட்டியது. சவூதி அரேபியா வைத்த பெயர். காற்று பெரிதல்ல. ஏறியபின் நகராமல் மணிக்கணக்காக நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அடுத்து, கடலிலிருந்து எவ்வளவோ தூரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு பேரை வீட்டோடு மூடியது. விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் தண்ணீருக்குள் இருந்தன. பெயர் வைத்தது காற்றுக்கு, கொன்றது தண்ணீர். கிழவி அன்றைக்கு வேப்பமரத்தடியில் இரண்டு வகையாகப் பிரித்துச் சொன்னாளே, மழையோடு வந்த காற்று, காற்றோடு வந்த மழை என்று, அந்தப் பாகுபாட்டின் அர்த்தம் எனக்கு 42 வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

பஞ்சாங்கத்தைப் புரட்டினால் இன்னொன்று. தனுஷ்கோடி போன 1964-ம் ஃபெஞ்சல் வந்த 2024-ம் இரண்டுமே குரோதி வருஷம். இதில் விதியைத் தேட எனக்கு விருப்பமில்லை. இரண்டு குரோதிகளுக்கும் நடுவே ஒரு மனித ஆயுள் இருக்கிறது. முதல் குரோதியில் பிறந்த மலைக்காரனுக்குச் சான்று இல்லை. இரண்டாவது குரோதியில் அவனுக்கு வயது அறுபது. அதை அவன் நிரூபிக்க வேண்டும்.

5

கிழவி பத்து வருஷம் கழித்து என்னிடம் வந்தாள். முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தாள். 1962 முதல் நம் ராஜ்யத்தில் இருக்கிற திட்டம் அது. ஓர் அலுவலகத்தில் அவள் மனுவைத் திருப்பிவிட்டார்கள். குடும்ப அட்டைப்படி வயது போதவில்லை.

"மூணு வருஷம் கொறையுதாம், வாத்தியாரே. எங்க போயி கொண்டாறது?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தது என் கணக்கு. திருப்பி அனுப்பியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எழுதியிருந்ததை அவர் படித்திருக்கிறார். எழுதியவன் நான். வயதைத் திருத்தச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அதில் முதல்முறையாக அவள் சொன்னதையெல்லாம் எழுதினேன். மோடு போனது, சாமை முளைத்தது, புளியமரம், வயிற்றில் இருந்த பிள்ளை. மனு இரண்டு பக்கம் வந்தது. ஆதாரம் இணைக்கவும் என்று அது திரும்பி வந்தது.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு வெறி பிடித்தது. அவளுடைய காற்று எது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். 1952 நவம்பர் 30 நாகப்பட்டினம் புயலா, 1955-ல் தஞ்சைக் கரையில் ஏறியதா? ஆண்டுகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு அவளிடம் போய் உட்கார்ந்தேன். அப்போது யார் மந்திரி, எலெக்‌ஷன் வந்ததா, இந்த ரோடு இருந்ததா? அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒங்களுக்கு எது வேணுமோ அதப் போட்டுக்குங்க" என்றாள். அதோடு விட்டேன். அவள் சொன்னது சலிப்பல்ல, ஒரு விமர்சனம். என் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு கடற்கரைப் புயலின் வாலாக அவளுடைய காற்றை மாற்றிவிடத்தான் நான் பார்த்தேன். அவளுக்கு அது எதனுடைய வாலும் அல்ல.

காற்றை அளக்கிற விஷயத்தில் அவள் விஞ்ஞானத்துக்கு அந்நியமானவளும் அல்ல. பியூஃபர்ட் அளவு என்று மாலுமிகள் சொல்கிற அளவை வகுத்த ஃபிரான்சிஸ் பியூஃபர்ட் அயர்லாந்தில் நாவன் என்கிற ஊரில் பிறந்தவர். 1805-ல் அவர் வகுத்தபோது அதில் வேகத்தின் எண் கிடையாது. கப்பல் எத்தனை பாயைத் தாங்கும் என்பதுதான் அளவு. பின்னால் தரைக்கும் அதைப் பொருத்தியபோது இலை அசைவது, கிளை ஒடிவது, ஓடு பறப்பது, மரம் வேரோடு சாய்வது என்று படிகள் வைத்தார்கள். காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. அது செய்துவிட்டுப் போனதைத்தான் பார்க்க முடியும். மோடு, கழி, குதிர், மரம் என்று கிழவி அடுக்கியதும் அதே அளவைதான். பத்தாம் படி என்று பியூஃபர்ட் கணக்கில் எழுதலாம். வயிற்றில் இருந்த பிள்ளையை எந்தப் படியில் வைப்பது என்று அந்தக் கணக்கில் இல்லை.

1937-லிருந்து இரண்டு வருஷம் அயர்லாந்தில் ஏறத்தாழ 50,000 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டுகளைக் கொடுத்து, வீட்டுக் கிழவர்களிடம் கேட்டு எழுதச் சொன்னார்கள். நூறு வருஷம் ஆகப்போகிற பெருங்காற்று அந்த நோட்டுகளில் திரும்பத் திரும்ப வந்தது. தானே புயல் அடித்த அடுத்த மாதம் நானும் என் வகுப்பில் அப்படிச் சொன்னேன். வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள், அவர்கள் பார்த்ததில் பெரிய காற்று எது, அது எதைக் கொண்டுபோயிற்று? வருஷம் கேட்காதீர்கள் என்றும் சொல்லியனுப்பினேன்.

முப்பத்தொரு நோட்டு வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வேறு காற்று. ஒன்றில் மாடு, ஒன்றில் கதவு, ஒன்றில் கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசி. கிழவியின் கொள்ளுப்பேத்தி ஒருத்தியும் அந்த வகுப்பில் இருந்தாள். கிழவி அப்போது இல்லை, இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. பெண் அவள் அம்மாவிடம் கேட்டு எழுதியிருந்தாள். மோட்டைத் தூக்கிக்கொண்டு போன காற்று, களத்துப் புளியமரம், முளைத்த சாமை, எல்லாம் இருந்தது. அந்த அம்மா அந்தக் காற்றுக்குப் பல வருஷம் பின்னால் பிறந்தவள்.

கடைசி வரியில் அந்தப் பெண் எழுதியிருந்தது: "இதை எங்க அம்மா பார்த்தாங்க."

சிவப்பு மையை எடுத்தேன். ஒற்றெழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினேன். அந்த வரியை விட்டுவிட்டேன்.